பெட்டி ஒன்று, கண் எட்டு

அந்தக் கிடங்கில் எல்லோரும் அவனைக் 'கேமரா' என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. "கேமரா, பிரிண்டர்ல பேப்பர் மாட்டிக்கிச்சு", "கேமரா, என் மவுஸ் நகர மாட்டேங்குது" என்று மூன்று மாடிக்கும் அவனை ஏற்றி இறக்குவார்கள். திட்டினாலும் கேமரா, கொஞ்சினாலும் கேமரா. அதில் அவனுக்கு உள்ளூரப் பெருமைதான். கைக்கடிகாரங்களை மொத்தமாக வரவழைத்துக் கடைகளுக்குப் பிரித்து அனுப்புகிற அந்தக் கிடங்கில் முப்பத்திரண்டு கண்களை மாட்டி, அவை பார்ப்பதையெல்லாம் ஒரே சர்வருக்குள் கொண்டுவந்து சேர்த்தவன் அவன்.

அந்தப் பெருமைதான் அவனுக்கு வினையாக வந்தது.

முப்பத்திரண்டில் இருபத்துநாலுதான் புதுசு. மீதி எட்டும் பேக்கிங் ஹாலின் கூரையில் பல வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்த பழைய கேமராக்கள். விலை சொல்ல வந்த வெளிக் கம்பெனிக்காரர் அவற்றைக் கழற்றிக் குப்பையில் போடச் சொன்னார். இவன் நடுவில் புகுந்தான். "வேண்டாம் சார். பழைய வயர் எட்டையும் ஒரு பெட்டியில சொருகினா அது புது நெட்வொர்க்குக்கு மாத்திக் குடுத்துடும். பெட்டி ஒண்ணுதானே, லைசென்ஸும் ஒண்ணு போதும்" என்றான். கேமராக்களைப் பதிவு செய்கிற சாஃப்ட்வேரை விற்பவர்கள் கேமராவுக்கு ஒரு லைசென்ஸ் என்று காசு வாங்குகிறவர்கள். இருபத்துநாலும் ஒன்றும் இருபத்தைந்து என்று படிவத்தில் எழுதி அனுப்பினான். முதலாளி எல்லோர் முன்னாலும் அவன் தோளைத் தட்டினார். தட்டிய கை சூடு ஆறுவதற்குள், "சார், என் தங்கச்சி வீட்ல சும்மாதான் இருக்கா" என்று ஒரு வார்த்தை போட்டான். தங்கச்சிக்குப் பேக்கிங்கில் வேலை கிடைத்தது.

லைசென்ஸ் வந்தது, சர்வரில் ஏற்றினான். சாஃப்ட்வேர் பெட்டியை எண்ணவில்லை, பெட்டிக்குள் வருகிற கண்களை எண்ணியது. இருபத்தைந்து கேமராவுக்குப் பச்சை விழுந்தது, ஏழுக்கு மஞ்சள். மஞ்சள் என்றால் லைசென்ஸ் இல்லை. நேரலையாகப் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு நொடிகூடப் பதிவாகாது. உதவி எண்ணுக்குப் போன் போட்டுக் கெஞ்சினான். "சேனல் கணக்குதான் சார், பெட்டி கணக்கு எங்களுக்குக் கிடையாது. கையேட்டுல நாற்பத்தோராம் பக்கம் பாருங்க" என்று ஒரு பெண் குரல் சொல்லிவிட்டு வைத்தது. பார்த்தான். இருந்தது. பொடி எழுத்தில், அடிக்குறிப்பில் இருந்தது.

அப்போதே முதலாளியிடம் போய், "தப்புக் கணக்குப் போட்டுட்டேன் சார், இன்னும் ஏழு வாங்கணும்" என்று சொல்லியிருக்கலாம். மிஞ்சிப் போனால் அரை மணி நேர அவமானம். அதைப் பட்டுத் தொலைத்திருந்தால் ஒரு பெண்பிள்ளை தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்க மாட்டாள். ஆனால் தோளில் தட்டு வாங்கியவனுக்குக் குட்டு வாங்க மனசு வருமா?

மறுநாள் ஒப்படைக்க வேண்டும். முதலாளியின் மேசையில் பெரிய திரை ஒன்று வைத்து, சர்வரில் இருப்பதைப் பார்க்கிற கிளையன்ட்டை அதில் போட்டிருந்தான். பதிவாகிற கேமராவின் படத்து மூலையில் சிவப்பில் ஒரு புள்ளியும், பக்கத்தில் 'ரெக்' என்று மூன்று இங்கிலீஷ் எழுத்தும் தெரியும். முதலாளி எதையும் எண்ணிப் பார்க்கிற ஆள். மத்தியானம் சாப்பிடக்கூடப் போகாமல் இவன் பெட்டியின் செட்டிங்கைத் திறந்தான். படத்தின் மேல் இடத்தின் பெயரை எழுதிக்கொள்ள அதில் ஒரு கட்டம் உண்டு. 'மாடிப்படி', 'வாசல்' என்று எழுதுவதற்கான கட்டம் அது. ஏழு கேமராவிலும் அந்தக் கட்டத்தில் 'ரெக்' என்று எழுதினான். நிறம் சிவப்பு. புள்ளி கிடைக்கவில்லை, இங்கிலீஷ் 'ஓ' ஒன்றைச் சின்னதாக்கி முன்னால் போட்டான். மறுநாள் முதலாளி பென்சில் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். முப்பத்திரண்டு. "சபாஷ்" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது.

அடுத்த மாதம் ஏதாவது சாக்குச் சொல்லி அந்த ஏழையும் வாங்கிவிடலாம் என்றுதான் நினைத்தான். அடுத்த மாதம் வந்தது, போனது. எட்டு மாதம் ஓடிவிட்டது. பழைய பதிவு கேட்டவர்கள் எல்லாம் வாசலைக் கேட்டார்கள், லாரி நிற்கும் இடத்தைக் கேட்டார்கள். அவை அசல் பச்சை. எடுத்துக் கொடுத்துப் பேர் வாங்கினான். பேக்கிங் ஹாலில் ஒருவரும் ஒன்றும் தொலைக்கவில்லை. கூரையில் ஏழு குருட்டுக் கண்கள் சிவப்பெழுத்தோடு தொங்கிக்கொண்டிருக்க, கீழே பதினெட்டுப் பேர் வாயைத் திறக்காமல் வேலை பார்த்தார்கள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கடைக்குப் போன பெட்டி ஒன்றில் பத்துக் கடிகாரத்துக்கு ஒன்பதுதான் இருந்தது என்று தகவல் வந்தது. குறைந்தது தங்க நிறப் பட்டை வைத்த ஆண்கள் கடிகாரம். அந்தக் கிடங்கிலேயே விலை கூடிய சரக்கு அதுதான்.

பெட்டி முந்தின நாள் நாலாம் மேசையில் கட்டப்பட்டது. நாலாம் மேசையில் இரண்டே பேர். கடிகாரங்களை எண்ணி உள்ளே அடுக்குவது தங்கச்சி. மூடி ஒட்டுவது டேப்பக்கா. டேப் சுருளை வளையல் மாதிரி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு திரிவதால் அவளுக்கு அந்தப் பேர். ஐம்பதை நெருங்குகிறவள், புருஷன் இல்லை. கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு மேசையெல்லாம் தேடுவாள். "என் கண்ணாடியை எவ எடுத்தா?" என்று கேட்பாள், ஹாலே சிரிக்கும். இவன் பழைய வயர்களைப் பெட்டிக்கு இழுத்தபோது மூன்று நாள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான். "பாத்து தம்பி, பாத்து" என்று அவன் ஒவ்வொரு படி ஏறும்போதும் சொல்வாள்.

முதலாளியின் அறைக்குள் இவன் நுழைந்தபோது சூப்பர்வைசர் ஓரமாக நின்றிருந்தார். தங்கச்சி அழுது முகம் வீங்கி நின்றாள். டேப்பக்கா, என்ன ஏதென்று புரியாதவளாக, எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கச்சி இவனைக் கண்டதும் குரலை உயர்த்தினாள். "என் மேல சந்தேகம்னா கேமராவைப் பாருங்க சார்! எங்கண்ணன் போட்ட கேமரா. அதுல எல்லாம் இருக்கும்."

இவன் முதலாளியின் மேசைத் திரையைத் திரும்பிப் பார்த்தான்.

முதலாளி நிதானமான மனுஷர். கோபம் வந்தால்கூடக் குரல் இறங்கத்தான் செய்யும். "கேமரா, இது உன் தங்கச்சி விஷயம். வெளியாளைக் கூப்பிட்டுப் பாக்கச் சொன்னா உனக்கும் அசிங்கம், அந்தப் பொண்ணுக்கும் அசிங்கம். இருபத்தொன்பதாம் நம்பர்தானே அந்த மேசை? நீயே போய்ப் பாரு. பாத்துட்டு வந்து சொல்லு. உன் வார்த்தை எனக்குப் போதும்" என்றார். என்ன பெரிய மனசு என்று சூப்பர்வைசர் தலையை ஆட்டினார்.

சர்வர் அறை என்பது மாடிப்படிக்கு அடியில், முன்பு துடைப்பமும் வாளியும் வைத்திருந்த பொந்து. ஒரு ஏசி, ஒரு நாற்காலி, ஒரு திரை. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான். இருபத்தொன்பதைத் திறந்து, நேற்றைய தேதியைப் போட்டு, பின்னுக்கு ஓட்டினான். நேரக்கோடு சாம்பல் நிறத்தில் வெறுமையாகக் கிடந்தது. 'இந்த நேரத்துக்குப் பதிவு எதுவும் இல்லை.' இருக்காது என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? இருந்தாலும் நாலைந்து தடவை அழுத்திப் பார்த்தான். கடன்காரன் காலிப் பையைத் திரும்பத் திரும்பத் துழாவுவதில்லையா, அந்த மாதிரி.

உண்மையைச் சொன்னால் எட்டு மாதப் பித்தலாட்டம் வெளியே வரும். அவன் வேலையும் போகும், தங்கச்சி வேலையும் போகும். ஹார்டு டிஸ்க் கெட்டுவிட்டது என்று சொன்னால் அதைவிட மோசம். தங்கச்சியைக் காப்பாற்ற அண்ணன் அழித்துவிட்டான் என்பார்கள். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? ஆனால் முதலாளி பதிவைக் கேட்கவில்லையே, வார்த்தையைத்தானே கேட்டார். தங்கச்சி எடுத்திருக்க மாட்டாள். அது நிச்சயம். ஷூவுக்கு லேஸ் கட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனவனுக்குத் தெரியாதா? அவள் எடுக்கவில்லை என்று சொல்வது பொய்யே இல்லை. பார்த்தேன் என்பது மட்டும்தான் பொய். இப்படிக் கூட்டிக் கழித்துத் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு எழுந்தான்.

"தங்கச்சி எடுக்கல சார். நல்லாப் பாத்தேன்."

தங்கச்சி முகத்தை மூடிக்கொண்டு விசும்பினாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று இவன் மூச்சு விட்டான்.

"சந்தோஷம்" என்றார் முதலாளி. "அப்ப யாரு?"

இவன் அதை யோசிக்கவே இல்லை.

"அவ எடுக்கலேன்னு கேமராவுக்குத் தெரியுது. எடுத்தது யாருன்னும் தெரிஞ்சிருக்கணும் இல்ல? கடிகாரம் தானா நடந்து போகலையே."

நாலாம் மேசையில் இரண்டே பேர். ஒருத்தி இல்லை என்றால் இன்னொருத்தி. இரண்டாம் வகுப்புக் கணக்கு. இவன் கண் ஒரு தடவை டேப்பக்கா பக்கம் போய்த் திரும்பியது.

"இந்தம்மாவா?" என்றார் முதலாளி.

தலை ஆடியது. தானாக ஆடிவிட்டது என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தலை எந்தக் காலத்தில் தானாக ஆடியது?

"நானா தம்பி?" என்றாள் டேப்பக்கா. கத்தவில்லை, சபிக்கவில்லை. அப்படி ஏதாவது செய்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "நான் எடுக்கிறது அதுல தெரியுதா?"

அவன் தரையைப் பார்த்தான். "தெரியுதுக்கா."

"கேமரா பொய் சொல்லாதுல்ல" என்று தனக்குள் பேசிக்கொள்வது போலச் சொன்னாள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பார்த்தாள். "எந்தக் கை தம்பி?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். பார்த்தவன் என்றால் கை தெரிந்திருக்க வேண்டும்.

"வலது கை" என்றான்.

டேப்பக்கா இடது கையைக் கீழே இறக்கிவிட்டு, வலது கையை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நேத்துத் தலை சுத்தலா இருந்துச்சு. மாத்திரை போட்டேன். அந்த மாத்திரை போட்டா எனக்கு ஒண்ணும் நிதானம் இருக்காது… எடுத்து எங்க வெச்சேன் தம்பி? அதைப் பாத்தியா? சொல்லிட்டா எடுத்துக் குடுத்துடறேன்."

"பைக்குள்ள போட்ட மாதிரி இருந்துச்சு."

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து பையைக் கவிழ்த்தாள். சீப்பு ஒன்று, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, கிழிந்த பஸ் டிக்கெட்டுகள், கண்ணாடிக் கூடு, மடித்து வைத்த துண்டு டேப்புகள். கண்ணாடிக் கூட்டைத் திறந்துகூடக் காட்டினாள். கண்ணாடி தலையில் இருந்தது, கூடு காலி.

"வீட்ல எங்கயாவது வெச்சிருப்ப" என்றார் முதலாளி.

"இருக்கும் சார். எனக்கு ஒரு தடவை அதைக் காட்டுங்களேன். பாத்தா ஞாபகம் வந்துடும்."

"வேண்டாம்மா. உன் மானத்துக்காகத்தான் சொல்றேன். நான்கூடப் பாக்கல, பாக்கவும் மாட்டேன். போலீஸும் வேண்டாம். நாளையிலருந்து வராத, அது போதும்."

அவள் முதலாளியைக் கும்பிட்டாள். "மன்னிச்சுடுங்க சார். எனக்கே தெரியாம நடந்து போச்சு" என்றாள். மணிக்கட்டிலிருந்த டேப் சுருளைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். போகிற போக்கில் தங்கச்சியின் கன்னத்தைத் தொட்டு, "உன்னையில்ல சந்தேகப்பட வெச்சுட்டேன், பாவி நான்" என்றாள். எடுக்காத திருட்டுக்கு மன்னிப்பும் கேட்டுவிட்டு, பக்கத்தில் நின்றவளுக்கு ஆறுதலும் சொல்லிவிட்டுப் போனாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அந்த வாரம் முழுக்க இவன் சரியாகச் சாப்பிடவில்லை. தூங்கினான், அது பொய்யில்லை. மனுஷன் எதையும் தூக்கத்தில் கழித்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டாள். போனான். மாப்பிள்ளை வாசலுக்கே வந்து கையைப் பிடித்து உள்ளே அழைத்தார். பிடித்த கையில் தங்க நிறப் பட்டை மின்னியது.

"எப்படி இருக்கு மச்சான்? கம்பெனியில நல்லா வேலை செய்யறவங்களுக்குக் குடுத்தாங்களாம். நீங்க சொல்லவே இல்ல பாத்தீங்களா" என்று மாப்பிள்ளை சிரித்தார். கள்ளமில்லாத சிரிப்பு. இத்தனை வருஷத்தில் பெண்டாட்டி கொண்டுவந்து கொடுத்த முதல் பொருள் என்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் காட்டி வருகிறாராம்.

இவன் சமையல்கட்டுக்குப் போனான். தங்கச்சி அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள். குரலில் பயம் இல்லை, ஒட்டுதல் இருந்தது.

"நீதான் பாத்துட்டியே, அப்புறம் உங்கிட்ட மறைக்க என்ன இருக்கு? அவர் பிறந்த நாளுக்கு அவங்க வீட்ல எல்லார் முன்னாடியும், 'உங்க வீட்லருந்து என்ன வந்துச்சு'ன்னு கேட்டாங்கண்ணா. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. டிபன் டப்பாவுல அடியில போட்டுக் கொண்டுவந்தேன். கேட்ல இருக்கிற அம்மா பையைத்தான் பாக்கும், டப்பாவைத் திறக்காது."

"கேமராவைப் பாருங்கன்னு நீதானடி கத்தின?"

"நீதானே பாப்ப. நீ என்னை விட்டுக்குடுக்க மாட்டேன்னு எனக்குத் தெரியாதா?" திரும்பி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. "எல்லாத்தையும் கண்ணால பாத்துட்டும் முகத்துல ஒண்ணும் காட்டாம வந்து நின்ன பாரு, அப்பவே உன் கால்ல விழணும் போல இருந்துச்சு. டேப்பக்கா பாவம்தான். ஆனா அந்த மேசையில வேற யாரைச் சொல்ல முடியும்? வலது கைன்னு வேற சொன்ன. எனக்கே ஒரு நிமிஷம் அவதான் எடுத்தாளோன்னு ஆயிடுச்சு."

'நான் ஒன்றும் பார்க்கவில்லை' என்று சொல்ல வாயெடுத்தான். சொன்னால் என்ன ஆகும்? தங்கச்சிக்காகச் செய்த பாவம் என்கிற பேராவது இப்போது இருக்கிறது, அதுவும் போய்விடும். பேசாமல் போய்ச் சாப்பிட உட்கார்ந்தான். மாப்பிள்ளை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி சொன்னார்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அது மாதிரி அதற்கப்புறம்தான் அந்த ஏழு லைசென்ஸை எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்ற வெறி வந்தது. சந்தர்ப்பமும் தானாக வந்தது. கேமராவின் பலனைக் கண்ட முதலாளி பேக்கிங் ஹாலில் இன்னும் நாலு கேமரா போடச் சொன்னார். அதற்கு நாலு லைசென்ஸ். எந்தக் கேமராவுக்கு லைசென்ஸ் உண்டு, எதற்கு இல்லை என்று விற்பவர்களுக்குக் காட்டிக்கொடுக்கிற சர்வரின் அடையாள எண்ணை இவன் நகல் எடுத்து, படிவத்தில் ஒட்டி, நாலு என்று போட வேண்டிய இடத்தில் பதினொன்று என்று போட்டு விலை கேட்டு அனுப்பினான். பதில் வர வேண்டிய முகவரியாகத் தன்னுடையதைக் கொடுத்தான். நுணலும் தன் வாயால் கெடும். முதல் நாளிலேயே, "சொத்து உங்க பேர்லதான் சார் இருக்கணும்" என்று விசுவாசம் காட்டி, லைசென்ஸை முதலாளியின் மின்னஞ்சலில் பதிவு செய்தவன் இவன்தான். அது மறந்துபோயிருந்தது. பதில் இரண்டு பேருக்கும் போனது.

முதலாளி கூப்பிட்டனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார். மேசையில் ஒரு தாள் அச்செடுத்து வைக்கப்பட்டிருந்தது.

"நான் நாலு கேட்டேன். பதினொண்ணுக்கு விலை வந்திருக்கு. சரி, ஏதோ காரணம் இருக்கும்னு கீழ படிச்சேன். 'உங்களிடம் உள்ள இருபத்தைந்து உரிமங்களும் பயன்பாட்டில் உள்ளன. பின்வரும் ஏழு கேமராக்களுக்கு இணைத்த நாள் முதல் இன்றுவரை உரிமம் வழங்கப்படவில்லை. பதிவு நடைபெறவில்லை.' இருபத்தாறு, இருபத்தேழு…" விரல் ஒரு இடத்தில் நின்றது. "இருபத்தொன்பதும் இருக்கே."

இவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். பெட்டியை, நாற்பத்தோராம் பக்கத்தை, சிவப்பெழுத்தை. தங்கச்சி சமாச்சாரம் ஒன்றை மட்டும் தொண்டைக்குள் வைத்துக்கொண்டான்.

"அப்ப அந்தம்மாவை நீ பாக்கவே இல்ல."

"இல்ல சார். அவங்களைத் திரும்பக் கூப்பிட்டுடலாம் சார். நான் போய்க் கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வரேன். என்னை வேணும்னா நிறுத்திடுங்க."

முதலாளி கோபப்படவில்லை. திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஹாலில் தலைகள் குனிந்திருந்தன. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் சிவப்பில் ரெக், ரெக், ரெக்.

"எட்டு மாசமா இந்த ஏழுல ஒண்ணும் பதிவாகல. ஆனா ஒருத்தர் வேலை நேரத்துல பேசறதில்ல. பாத்ரூம் போனா நாலு நிமிஷத்துல திரும்பிடறாங்க" என்றார் மெதுவாக. "அந்தம்மாவைத் திரும்பக் கூப்பிட்டு என்னன்னு சொல்லுவ? கேமரா பொய் சொல்லிடுச்சுன்னா? அப்புறம் மிச்சம் இருபத்தஞ்சை எவன் நம்புவான்? அதுவும் இல்லாம, அவளே மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிட்டா. அவளைப் பொறுத்தவரைக்கும் அது நடந்ததுதான். விடு."

தாளை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

"பதினொண்ணும் வேண்டாம், நாலும் வேண்டாம். புதுசா போடற நாலுலயும் அதே எழுத்தை எழுதிடு. லைசென்ஸ் எதுக்கு? அதான் நீ இருக்கியே."

இவனுக்கு முதலில் புரியவில்லை. முதலாளி இழுப்பறையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். அதில் நாலு மேசை எண்கள் இருந்தன.

"பேக்கிங்ல நாலு பேரைக் குறைக்கணும். நானா நிறுத்தினா சங்கம், நோட்டீஸ், நஷ்ட ஈடுன்னு ஆயிரம் தொல்லை. கேமராவுல மாட்டினவன் ஒரு வார்த்தை பேசாம போயிடுவான், நீதான் பாத்தியே. மாசத்துக்கு ஒண்ணு போதும். முதல்ல ஆறாம் மேசை. அவன்தான் வேலை நேரத்தைப் பத்திக் கேள்வி கேக்கறவன். செவ்வாய்க்கிழமை ஒரு கடிகாரம் குறையும். நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு."

"முடியாது சார்." அந்த ஒரு தடவை அவன் நிஜமாகவே நிமிர்ந்துதான் சொன்னான். "ஒரு பாவம் போதும் சார். நான் வேலையை விட்டுடறேன்."

"விடேன். யார் பிடிச்சா?" முதலாளி திரையில் ஒரு கேமராவைப் பெரிதாக்கினார். "நேத்து சாயங்காலம் உன் தங்கச்சியைக் கூட்டிட்டுப் போக அவ வீட்டுக்காரர் வந்தார். கேட்ல நின்னு மணி பாத்தார். ரெண்டு தடவை பாத்தார்."

திரையில் மாப்பிள்ளை நின்றிருந்தார். முழங்கையை மடித்து, வெயிலில் பட்டை மின்ன, மணி பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி படத்தை அப்படியே நிறுத்தினார்.

"இது பதினாலாம் நம்பர். லைசென்ஸ் உள்ளது."

இவன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் மாட்டிய கேமராக்களில் ஒன்று ஒழுங்காக வேலை செய்திருந்தது. அவ்வளவு துல்லியம். கடிகாரத்தில் முள் எங்கே நிற்கிறது என்றுகூடத் தெரிந்தது.

"உன் தங்கச்சி இங்கயே இருக்கட்டும். நல்ல பொண்ணு" என்றார் முதலாளி. "அவ இருக்கிற வரைக்கும் நீயும் இருப்ப."

செவ்வாய்க்கிழமை ஒரு கடிகாரம் குறைந்தது. ஆறாம் மேசைக்காரரை அறைக்குக் கூப்பிட்டார்கள். இவனைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். "அவசரம் இல்ல, நிதானமாப் பாரு" என்று முதலாளி சொல்லியனுப்பினார். மாடிப்படிக்கு அடியில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தான். பழைய பதிவு எதையும் திறக்கவில்லை. இருபத்தொன்பதை நேரலையில் வைத்துப் பார்த்தான். நாலாம் மேசையில் தங்கச்சி டேப்பக்காவின் இடத்துக்கு மாறியிருந்தாள். மணிக்கட்டில் டேப் சுருள் மாட்டியிருந்தாள். நடுவில் ஒரு தடவை தலையைத் தூக்கிக் கேமராவைப் பார்த்து, அண்ணன் அங்கே இருக்கிறான் என்கிற நிம்மதியில், லேசாகச் சிரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

எழுந்து போனான். ஆறாம் மேசைக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு, கொஞ்சமும் பயமில்லாமல் நின்றிருந்தார். தப்புச் செய்யாதவனுக்கு என்ன பயம்?

"வாங்க கேமரா" என்றார் அவர். "நல்லாப் பாத்தீங்களா? சொல்லுங்க எல்லாருக்கும்."

"பாத்தேன்" என்றான். குரல் பிசிறவில்லை. பிறகு, யாரும் கேட்காமலே, "வலது கை சார்" என்றான்.